ரிங்க் சபா

ரிங்க் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க சபா என்றுதான் அர்த்தம். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இதைப்போல ஏதாவது ஒரு சொல் இருந்திருக்கும். நீங்கள் வெளியே சொல்லமாட்டீர்கள், நான் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அறுபதை எட்டப்போகிற நாம், நடைப்பயிற்சி என்று கிளம்பி வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவைப் பேசிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பேச்சுக்கு நடுவில் போன வாரம் நம்மில் ஒருத்தி, "உன் சித்தப்பா கனடாவுல பெரிய வித்வானாமே?" என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் இல்லை அம்மா. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது, கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். கூடம் ஒன்று, சமையலறை ஒன்று, மழை வந்தால் ஒழுகும் தாழ்வாரம் ஒன்று. அப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. அது பகலில். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் எங்கள் தெரு சபாவின் இணைச் செயலாளர். கச்சேரிக்கு ஜமக்காளம் விரிப்பதிலிருந்து வித்வானுக்குப் பால் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது வரை எல்லாம் அவர்தான். நாக்கில் சங்கீதம், காதில் சங்கீதம். ஆபீஸ் ஃபைலில் கூட விரலால் தாளம் போடுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

சித்தப்பா அவருடைய ஒரே தம்பி, பத்து வயது சின்னவர். தாத்தா பாட்டி சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அப்பாதான். பாட்டு சொல்லிக்கொள்ள அனுப்பினார். பதினாலு வயதில் சித்தப்பாவுக்குக் குரல் உடைந்தது, உடைந்த குரல் திரும்பி வரவே இல்லை. அவர் ஹார்மோனியத்தில் போய் உட்கார்ந்தார். அப்புறம் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் ஆர்கன். அப்பாவுக்கு இது ஆகவே ஆகாது. கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், எடுத்தால் இன்னொரு சுரம், நடுவில் அசைவு ஏது, கமகம் ஏது என்பார். "அது வாத்தியம் இல்லடா, டைப்ரைட்டர்" என்று ஒருநாள் வந்தவர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அந்த வருஷமே சித்தப்பா படம் வரைகிற வேலைக்கு, கட்டட வரைபடம்தான், கனடா போய்விட்டார். அப்பா விமான நிலையத்துக்குப் போகவில்லை.

ஆறு வருஷம் அண்ணனுக்கும் தம்பிக்கும் நேர்ப்பேச்சு இல்லை. தீபாவளிக்கு அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வரும். அம்மா அதை ரேடியோ மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்பா எடுத்துப் படித்தாரா என்று யாரும் பார்க்கக்கூடாது. அப்படி ஒரு ஏற்பாடு.

அந்த வருஷம் கடிதத்தோடு ஒரு கேசட்டும் வந்தது. "மன்னி, ரெண்டு வருஷமா ரிங்க்ல வாசிக்கறேன். வாரத்துக்கு ரெண்டு நாள், சில வாரம் மூணு. பதினாறாயிரம் பேர் வரா. அண்ணா ஒரு தடவை கேட்டா போறும். வேற ஒண்ணும் வேண்டாம்." அவ்வளவுதான் கடிதம். அம்மா இதை மட்டும் ரேடியோ மேல் வைக்காமல் உரக்கவே படித்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பேர்?"

"பதினாறாயிரம்னு எழுதியிருக்கான்."

"ஒரு சைபர் கூடப் போட்டிருப்பான்."

எங்களிடம் டேப் ரிக்கார்டர் கிடையாது. எதிர் மாடியில் மிருதங்க மாமா இருந்தார், நிஜமான மிருதங்க வித்வான், ரேடியோவில் வாசிக்கிறவர். அவர் தன் மெஷினைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவில் பலகையைப் போட்டு அதன்மேல் வைத்தோம். அம்மா ஏனோ விளக்கேற்றினாள்.

முதலில் இரைச்சல். பிறகு ஆர்கன். நாலைந்து சுரம் விடுவிடென்று மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்கும். நின்றதும், ஐயோ, அந்தக் கூச்சல்! பதினாறாயிரம் பேர் ஒரே குரலில் ஒரு வார்த்தையைக் கத்தினார்கள். மெஷினின் ஸ்பீக்கர் கரகரத்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஆர்கன், மறுபடி கூச்சல்.

"பார்த்தேளா, எடுப்பு அவன் கொடுக்கறான், முடிப்பு ஜனங்க பாடறா" என்றார் அப்பா. "நம்மூர் பஜனை மாதிரி. அந்த ஊர்லயும் இருக்கு போலிருக்கு."

நடுவில் விசில் சத்தம் கேட்டது. அம்மா முகத்தைச் சுளித்தாள். "அங்கே விசிலடிக்கறதுதான் மரியாதை" என்று அப்பா அடித்துச் சொன்னார். டப், டப் என்று எதுவோ மரத்தில் மோதிக்கொண்டே இருந்தது. மிருதங்க மாமா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். "பக்கவாத்தியக்காரன் சுமார்தான். தாளத்துல நிக்க மாட்டேங்கறான்" என்றார். சித்தப்பா ஒரு பாட்டை ஆரம்பித்துப் பாதியிலேயே வெடுக்கென்று நிறுத்திவிடுவார். அப்பாவுக்கு அதுவும் பிடித்தது. "ஒண்ணை நீட்டி முழக்காம நிறுத்தறான் பாருங்கோ. அடக்கம் வந்துடுத்து" என்றார். கடைசியில் பூம் என்று பெரிய ஊதல் ஒன்று கேட்டு, கூட்டம் வெறிபிடித்ததுபோல ஆர்ப்பரித்தது. "சங்கு!" என்றாள் அம்மா. நாங்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டோம்.

பிறகு மாமா கேசட்டைத் திருப்பிப் போட்டார். இந்தப் பக்கம் கூச்சலே இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது, தம்பூரா மாதிரியே. அதன் மேல் ஆர்கன் மெதுவாக ஆரம்பித்தது. அப்பாவின் கை தொடையில் அப்படியே நின்றுவிட்டது.

"கானடா" என்று ராகத்தின் பெயரைச் சொன்னார்.

"கனடாவுல கானடா!" என்று மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "ஓய், அந்தப் பெட்டியில எப்படிங்காணும் அசைக்கறான்? காந்தாரத்தைப் பாரும். கட்டையில இல்லாத இடத்தைத் தொட்டுட்டு வரான்." அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரிங்க் சபா. பால்காரர் வந்தாலும், மாடவீதியில் யாரைப் பார்த்தாலும், "என் தம்பி கனடாவுல ரிங்க் சபாவுல வாசிக்கறான்" என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் கேட்க வருவார்கள். அம்மா காபி போட்டுப் போட்டுச் சலித்துப்போனாள். திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்ந்த கேசட் அடுத்த வருஷம் ஆடியில் ஒருநாள் மெஷினில் சிக்கிக்கொண்டது. அப்பாவும் நானும் லஸ் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே சிக்கலை எடுத்துப் போட்டுக் காட்டினார்.

"இன்னா சார், மேட்ச் டேப்பா? எந்த ஊரு ஃபுட்பாலு?"

"கச்சேரிப்பா இது. என் தம்பி வாசிக்கறான்."

"இன்னா சார் நீ, ரெஃப்ரி விசிலு கேக்குது, கோலு போட்டா கத்துறாங்க பாரு. நானு சின்ன வயசுல இருந்து மேட்ச் பாத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கேசட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

எனக்குத்தான் அந்தக் கடைக்காரரின் வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ரிங்க் என்றால் சறுக்கி விளையாடுவதற்கான பனிக்கட்டித் தரை என்று போட்டிருந்தது. மூன்று தடவை படித்தேன். என் சித்தப்பா ஐஸ்மேல் உட்கார்ந்து வாசிக்கிறாரா, கால் ஜில்லிடாதா என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள், கை நின்றது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே. ஆறு வருஷம் கழிச்சு உங்கப்பா இப்பத்தான் தம்பி பேரை வாயால சொல்றார். ஐஸோ தீயோ, எதுவா இருந்தா என்ன? கெடுக்காதேடி."

அவள் சொன்னது தப்பு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்கள் இருவருக்கும் அது புண்ணியமாகத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேர் வாயைத் திறந்திருந்தால் அப்பா ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அதோடு போயிருக்கும். நாங்கள் திறக்கவில்லை. அப்பா அடுத்த வாரம் சபா கமிட்டியில் பேசி, மார்கழியில் ஒரு சாயங்காலக் கச்சேரியைத் தம்பிக்கு வாங்கிவிட்டார். நல்ல நேரம், ஆறு மணி. அந்தச் சபாவில் ஹார்மோனியம் மேடை ஏறியதே இல்லை. "வாடா. உனக்கு மேடை போட்டிருக்கேன்" என்று அவரே கைப்பட எழுதினார். ஆறு வருஷத்தில் அவர் எழுதிய முதல் கடிதம்.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். சித்தப்பா யாரையும் ஏமாற்றவில்லை. ரிங்க் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். அண்ணாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார். டிசம்பர் அங்கே ஐஸ் ஹாக்கி ஆட்டம் உச்சத்தில் இருக்கிற காலம். டீம்காரர்களிடம் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு வந்தார். தன் இடத்தில் வேறொருத்தனை உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார்.

வந்து இறங்கினவர் எனக்குக் கொண்டுவந்தது என்ன தெரியுமா? கம்பளிக் குல்லா. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்டது, உச்சியில் ஒரு குஞ்சம். மயிலாப்பூரில் கம்பளிக் குல்லா! நான் அதைக் கழற்றவே மாட்டேன் என்று போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தேன். அப்பா தம்பியைப் பார்த்ததும், "இளைச்சுட்டே" என்றார். சித்தப்பா அப்பாவின் காலில் விழுந்தார். அந்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு பார்த்ததில்லை, என் கல்யாணத்தில்கூட.

மூன்றாம் நாள், கச்சேரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அப்பா ஆபீஸ் போனபிறகு சித்தப்பா பழைய ஹார்மோனியத்தைத் துடைத்து எடுத்தார்.

"ஆட்டம் ஆடலாமா?" என்றார் என்னிடம். "குல்லாவைப் போட்டுக்கோ. நீதான் பதினாறாயிரம் பேர்."

முதலில் தேசிய கீதம். அவர்கள் ஊர் கீதம். எழுந்து நிற்கவேண்டும். பிறகு வீரர்கள் பனியில் வந்து இறங்குவதற்கு ஒரு மெட்டு. எதிரணிக்காரன் யாரையாவது இடித்துத் தள்ளிவிட்டால் அவனைக் கொண்டுபோய்ப் பெட்டி மாதிரி ஒரு இடத்தில் உட்காரவைப்பார்களாம். அப்போது வாசிக்க ஒரு கேலி மெட்டு, அசட்டுப் பிள்ளைக்குப் பாடுகிற தாலாட்டு மாதிரி. நம் அணி சோர்ந்திருந்தால் அந்த ஏறுகிற சுரங்கள். அவர் நிறுத்தியதும் நான் கத்தவேண்டும். ஜெயித்தால் ஒரு பாட்டு, அது மட்டும் ஜெயித்த நாளில்தான். தோற்ற நாளில் அதைத் தொடக்கூடக் கூடாது, டீம் பிறந்ததிலிருந்து அது வழக்கம். "கட்டை ரப்பர் வில்லை ஒண்ணு, அதைத்தான் அடிப்பா. அது கீழே விழுந்த நிமிஷம் நான் கையை எடுத்துடணும். பாட்டு எங்க இருந்தாலும் சரி. ஒரு பாட்டைக்கூட முடிக்க விடமாட்டா" என்று சிரித்தார்.

"அப்போ எப்பத்தான் முடிப்பேள்?"

"நடுவுல இடைவேளை உண்டு. ஐஸைத் துடைக்க ஒரு வண்டி வரும், சுத்திச் சுத்தி வரும். எல்லாரும் சாப்பிட வெளியே போயிடுவா. அந்தக் கால் மணி நேரம் என்னோடது. இஷ்டத்துக்கு வாசிப்பேன்."

"யார் கேப்பா?"

"யாரும் இல்லை. வண்டி ஓட்டறவன் இருப்பான்."

நான் குல்லாவோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. மிருதங்க மாமா சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா அவருக்கும் விளக்கினார். மாமா முதலில் திருதிரு என்று விழித்தார். பிறகு அந்த டப் டப் சத்தம் என்னவென்று புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் அவனைத் தாளம் போறாதுன்னு திட்டினேனே ஓய்!"

அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கையில் அச்சகத்திலிருந்து வாங்கிய நோட்டீஸ் கட்டு, பின்னால் சபா செயலாளர். நோட்டீஸை ஒன்று எடுத்துத் தம்பியிடம் பெருமையாக நீட்டினார். 'கனடா ரிங்க் சபா புகழ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சித்தப்பா படித்தார். படித்துவிட்டு, அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை பாவம், சிரித்துவிட்டார். அண்ணா வேடிக்கை பண்ணியிருக்கிறார் என்றே நினைத்தார்.

"ரிங்க் சபாவா! நன்னாயிருக்கு அண்ணா!"

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போவதை நான் பார்த்தேன். செயலாளர் நோட்டீஸைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஏன், என்ன?" என்றார் அப்பா.

"அண்ணா, ரிங்க்னா ஐஸ் தரை. ஹாக்கி ஆடற இடம். உங்களுக்குத் தெரியும்னு..."

"அந்த ஜனங்க?"

"ஆட்டம் பார்க்க வந்தவா."

"கானடா?"

"அது... இடைவேளையில வாசிச்சது."

"எல்லாரும் திங்கப் போன நேரத்துல."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மிருதங்க மாமா எழுந்து, "அதனால என்ன ஓய்? நான் தனி ஆவர்த்தனம் வாசிக்கறச்சே நம்ம சபாவுல எவன் உட்கார்ந்திருக்கான்? அத்தனை பேரும் கேண்டீன்லதான் இருக்கான்! நான் வித்வான் இல்லையா?" என்றார். அந்த மனுஷன் வாய்க்கு இன்றைக்கும் சர்க்கரை போடவேண்டும். ஆனால் அப்பா காதில் அது விழவில்லை. ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொன்னது, பால்காரரிடம் சொன்னது, ரிப்பேர் கடைக்காரரிடம் கோபித்தது, எல்லாம் அவர் தலையில் ஏறி நின்றிருக்கவேண்டும். செயலாளர் மெதுவாக, "அந்த நேரத்துக்கு வேற யாரையாவது போட்டுக்கலாம்" என்றார். அப்பா சரி என்று தலையாட்டினார். கேளுங்கள், அவரே தலையாட்டினார்.

சித்தப்பா எழுந்து கிட்டே வந்தார். "மேடை வேண்டாம் அண்ணா. இந்தக் கூடத்துலயே வாசிக்கறேன். நீங்க ஒருத்தர் உட்கார்ந்து கேளுங்கோ, போறும். அதுக்குத்தான் வந்தேன்."

"ஆட்டத்துக்கு நடுவுல வாசிக்கறதை ஆட்டத்துக்கு நடுவுலயே வாசிச்சுக்கோ. எனக்கு வேண்டாம்."

இவ்வளவுதான். கத்தவில்லை, அடிக்கவில்லை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் மோசம். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அகராதியைப் பார்த்தேன் என்று நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். குற்றம் பாதி என் தலையில் வந்திருக்கும். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து சித்தப்பா கிளம்பினார். காலை வேளை, டாக்ஸி சந்துக்குள் வராது என்று முனையில் நின்றது. அப்பா ஆபீசுக்கு அன்று மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட்டார். அம்மா பொடி, ஊறுகாய் என்று கட்டிக் கொடுத்தாள். "கோவிச்சுக்காதே. அவருக்கு ஆறினதும் எழுதுவார்" என்றாள். சித்தப்பா சரி மன்னி என்றார். அப்பாவுக்கு ஆறவில்லை. ஆறியதோ என்னவோ, எழுதவில்லை.

அந்தக் கேசட்டை அடுத்த வருஷம் தேடியபோது அதில் யாருடைய கல்யாணத்து நாதஸ்வரமோ பதிவாகியிருந்தது. இரண்டு பக்கமும். யார் செய்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தைரியம் வரவில்லை. குல்லா பூச்சி அரித்துப் போயிற்று. மிருதங்க மாமா போனார், அம்மா போனாள். சந்தில் இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். உடனே பதில் வரும். கடைசி வரி எப்போதும் "அண்ணா சௌக்கியமா?" அப்பாவிடம் படித்துக் காட்டுவேன். "ம்" என்பார்.

சித்தப்பா இறந்தபோது அப்பா என்னோடு ராஜா அண்ணாமலைபுரத்தில், இப்போது நீங்கள் வந்து போகிற இதே ஃப்ளாட்டில்தான் இருந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார். செய்தியைச் சொன்னதும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த ஹாக்கி டீமின் ஆபீசில் வேலை செய்கிற ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். அப்பா கேட்கும்படி வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வருகிற சனிக்கிழமை ஆட்டம் முழுக்க ஆர்கனை மூடியே வைக்கப்போகிறார்கள். பதினாறாயிரம் பேரும் அவர் இல்லாமல் அந்தக் கூச்சலைத் தாங்களே போடுவார்கள். இடைவேளையில் மட்டும் அவர் வாசித்ததன் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போடப்போகிறார்கள், வண்டி பனியைத் துடைக்கும்போது.

அதற்கு மேல்தான் விஷயம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்னென்ன வாசிக்கவேண்டும் என்று சித்தப்பா ஒரு நோட்டில் எழுதிவைப்பாராம். கீதம், வீரர்கள் வருகிற மெட்டு, கேலி மெட்டு என்று வரிசையாக. அந்த வரிசையில் இடைவேளை என்ற இடத்தில் பாட்டின் பெயர் இருக்காது. ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருக்கும். எல்லா நோட்டிலும், எல்லா ஆட்டத்துக்கும் அதே பெயர். 'ஆனா.' அவர் இருந்தவரை யார் கேட்டாலும் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனா யார்? அவர் காதலித்த பெண்ணா? உயிரோடு இருக்கிறாளா? இருந்தால் சனிக்கிழமை அவளை அழைக்க விரும்புகிறோம், ஆர்கனுக்குப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட விரும்புகிறோம்.

அந்தப் பெயரின் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குப் புரிய எழுத்துக்கூட்டினேன். ஏ, என், என், ஏ.

அப்பா அந்த நாலு எழுத்தையும் தானே ஒருதரம் படித்துப் பார்த்தார். பிறகு, "எல்லா ஆட்டத்துக்குமா?" என்றார்.

"அப்படித்தான் எழுதியிருக்கா."

"இங்கே வந்துட்டுப் போனானே. அதுக்கப்புறமுமா?"

"கடைசி ஆட்டம் வரைக்கும், அப்பா."

கையை மடியிலிருந்து எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாததுபோல மறுபடி மடியிலேயே வைத்தார். என் ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பதில் எழுது" என்றார். "அது பொம்மனாட்டி பேர் இல்லை. அவனோட அண்ணான்னு எழுது."

எழுதினேன்.

"உயிரோட இருக்காரான்னு கேட்டிருக்காளே, என்ன எழுதட்டும்?"

"இல்லைன்னு எழுது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அப்பா நாலு வருஷம் இருந்தார்.